ஜிபிஜி இனியும் தேவையா, சிக்னலும் ஏஜும் போதுமா?

#1 கணக்கேடு (ஜெயநகர்)

எல்லோருக்கும் வணக்கம். ஜெயநகர் நாலாவது பிளாக்கில் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். கணக்கு வேலையோடு கம்ப்யூட்டர் விவகாரங்களும் என் பொறுப்புதான்.

எங்களிடம் வருகிற ஃபார்ம் 16, பான் கார்டு, ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாமே வாட்ஸ்ஆப்பிலும் சாதாரண மெயிலிலும்தான் வருகின்றன. பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு போட்டுவிட்டு, அடுத்த மெயிலிலேயே அந்தப் பாஸ்வேர்டையும் அனுப்பிவிடுகிறார்கள். 2023ஆம் வருட டிபிடிபி என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எங்கள் அளவு ஆட்களுக்கு அவ்வளவு போட மாட்டார்கள் என்று பார்ட்னர் சொல்கிறார். எனக்கு அபராதம் மட்டும் கவலை இல்லை. வருகிறவர்கள் எங்களை நம்பித்தானே தருகிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு கிளையன்ட். தாய் நிறுவனம் ஜெர்மனியில். ஊழியர்களின் சம்பள விவரத்தை பிஜிபி என்ற பூட்டும் மென்பொருள் போட்டுத்தான் அனுப்புவோம், பூட்டுவதற்கு உங்கள் பப்ளிக் கீயைக் கொடுங்கள் என்கிறார்கள். அவர்களுடைய கீயும் மெயிலில் வந்துவிட்டது. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் பிஜிபி செத்துப்போச்சு, சிக்னல் என்ற மெசேஜ் ஆப்புக்கு மாறுங்கள் என்கிறார்கள். மீதிப் பேர் அதை விட்டால் வேறு கதியில்லை என்கிறார்கள். அலுவலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அறுபதைத் தாண்டிய மூத்த பார்ட்னர் உட்பட. எதைச் சொல்லிக்கொடுப்பது?

#2 டெபியன்காரர் (மல்லேஸ்வரம்)

தம்பி, முதலில் செத்துப்போச்சு என்ற பேச்சை ஓரமாக வையுங்கள்.

பில் ஜிம்மர்மன் பிஜிபியை வெளியிட்டது 1991. வலிமையான என்கிரிப்ஷனை, அதாவது தகவலைப் பூட்டும் முறையை, ஆயுதப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு, அதை வெளிநாட்டுக்கு விட்டுவிட்டார் என்று அவர் மேல் விசாரணை நடத்தி, 1996இல்தான் கைவிட்டது. அந்த இடைவெளியில் மூல நிரலை அப்படியே புத்தகமாக அச்சடித்தார்கள். மென்பொருளுக்குத் தடை உண்டு, புத்தகத்துக்குக் கிடையாது. அடுத்த பதிப்பு ஒன்றின் அச்சுப் பக்கங்களை ஐரோப்பாவில் ஸ்கேன் செய்து மறுபடியும் மென்பொருளாக்கினார்கள். சாதாரண மனிதன் அரசாங்கத்துக்கும் படிக்க முடியாத கடிதம் எழுதலாம் என்ற உரிமை நமக்கு வந்தது இப்படித்தான்.

பிறகு 1999இல் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் காக் எழுதிய குனு பிரைவசி கார்டு, அதாவது ஜிபிஜி, 1.0 ஆக வந்தது. இலவசம், திறந்த நிரல். இன்றைக்கும் லினக்ஸ் வகைகளான டெபியனிலோ உபுண்டுவிலோ அப்டேட் கொடுத்தால், வருகிற பட்டியல் உண்மையானதா என்று சரிபார்ப்பது ஓபன்பிஜிபி, அதாவது பிஜிபியின் பொதுத் தரம், அதன் கையொப்பத்தை வைத்துத்தான். டெபியன் 13இல் சரிபார்க்கிற கருவியை செக்கோயா என்ற புதியதாக மாற்றினார்கள், கையொப்ப முறை அதேதான். உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி இதன் மேல் நிற்கிறது.

முக்கியமானது இன்னொன்று. ஜிபிஜி எந்தக் கம்பெனியையும் நம்பி இல்லை. ஃபோன் நம்பர் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம். பூட்டிய கோப்பை மெயிலில் அனுப்பலாம், பென்டிரைவில் கொடுக்கலாம், கூரியரில் போடலாம். நடுவில் இருக்கிறவன் யாராக இருந்தாலும் கவலையில்லை.

#3 சாவிக்கொத்து (வைட்ஃபீல்டு)

டெபியன்காரர் சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொன்னது பிஜிபியின் வரலாறு. இவர் கேட்டது நாளைக் காலையில் அலுவலகத்தில் என்ன செய்வது என்று.

என் வேலையே பாதுகாப்புச் சோதனைதான். பிஜிபியில் என்னை உறுத்துவது கணிதம் இல்லை, அது நன்றாகவே இருக்கிறது. அமைப்புதான் உறுத்துகிறது. பிஜிபியில் ஒரு மெயிலைப் பூட்டும்போது அந்த மெயிலுக்கென்று ஒரு தற்காலிகச் சாவி உருவாகும். அந்தச் சாவியை உங்கள் பப்ளிக் கீயால் பூட்டி மெயிலோடு சேர்த்து அனுப்புவார்கள். அதைத் திறக்கும் உங்கள் பிரைவேட் கீயோ வருடக்கணக்காக ஒன்றேதான். இன்று முதல் 2032 வரை வருகிற மெயில் எல்லாம் சர்வரில் குவிந்துகிடக்கும். 2032இல் ஒருநாள் அந்த லேப்டாப் திருடுபோய், கீயைக் காக்கும் நீண்ட பாஸ்வேர்டான பாஸ்பிரேசும் எளிதானதாக இருந்தால், அத்தனை வருட மெயிலும் ஒரே மூச்சில் திறந்துகொள்ளும்.

சிக்னலில் அப்படி இல்லை. டிரெவர் பெரினும் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் 2013இல் வடிவமைத்த டபுள் ராட்செட் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே போகும், பயன்படுத்தியது அழிந்துவிடும். இன்று சாவியைத் திருடினாலும், நேற்று லைனில் போன செய்தியைப் பிடித்துவைத்திருப்பவனால் அதைத் திறக்க முடியாது. அதோடு, பதில்கள் போய்வரப் போய்வரப் புதிய சாவிகள் கலப்பதால் திருடியவன் கொஞ்சத்தில் வெளியே தள்ளப்படுவான்.

அப்புறம் மனிதர்கள். 1999இலேயே ஒரு ஆய்வு நடந்தது. பன்னிரண்டு பேரிடம் அன்றைய பிஜிபி 5.0ஐக் கொடுத்து, தொண்ணூறு நிமிடத்தில் பூட்டிக் கையொப்பமிட்ட மெயில் அனுப்பச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. சிலர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதை பெரிதாக மாறவில்லை.

2018இல் இஃபெயில் என்ற தாக்குதல் முறை வந்தது. அதை விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் பூட்டை உடைக்காமலே உள்ளே போன கதை அது. தாக்குபவனிடம் உங்களுக்கு வந்த பழைய பூட்டிய மெயில் ஒன்று இருக்கிறது, திறக்க முடியாது. அவன் புதிதாக, இணையப்பக்கம் போல எழுதிய எச்டிஎம்எல் மெயில் ஒன்று செய்கிறான். முதல் பகுதியில், தன் சர்வரிலிருந்து ஒரு படத்தை எடுத்துவா என்ற கட்டளை, ஆனால் முகவரியின் மேற்கோள்குறியை மூடாமல் விடுகிறான். நடுப்பகுதியில் உங்கள் பழைய பூட்டிய மெயில். கடைசிப் பகுதியில் மூடும் மேற்கோள்குறி. உங்கள் மெயில் புரோகிராம் நடுப்பகுதியை நல்லபிள்ளையாகத் திறந்து, மூன்றையும் ஒட்டி, படத்தைத் தேடிப் போகிறது. திறந்த ரகசியம் முழுவதும் பட முகவரியாக அவனுடைய சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. தண்டர்பேர்டும் ஆப்பிள் மெயிலும் இதில் மாட்டின. பிறகு சரிசெய்தார்கள். ஆனால் தானாக எல்லாவற்றையும் காட்ட முயலும் மெயில் புரோகிராமுக்குள் பிஜிபியைச் செருகும்வரை இந்த வகை ஆபத்து போகாது.

அடுத்த வருடமே, எல்லோருடைய பப்ளிக் கீகளையும் வைத்திருக்கும் பொதுச் சாவி சர்வர்களில் இன்னொரு கூத்து. இரண்டு டெவலப்பர்களின் சாவிகளில் யாரோ பல்லாயிரக்கணக்கான போலிக் கையொப்பங்களைச் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சர்வர்களில் சேர்த்ததை நீக்க வழியே கிடையாது. அந்தச் சாவியை இறக்கியவர்களின் ஜிபிஜி அப்படியே முடங்கிப்போனது.

#4 கேஆர்புரம்வாசி

வாட்ஸ்ஆப்பும் 2016லிருந்து அதே சிக்னல் புரோட்டோகால்தானே பயன்படுத்துகிறது? கிளையன்ட் எல்லோரிடமும் அது ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம் எதற்கு இன்னொரு ஆப்?

#5 சாவிக்கொத்து (வைட்ஃபீல்டு)

புரோட்டோகால் ஒன்றேதான், சந்தேகமில்லை. வித்தியாசம் அதைச் சுற்றி இருப்பதில்.

யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் முதலாவது. 2016இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற ஆணை சிக்னலுக்கு வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான். வைத்திருந்ததே அவ்வளவுதான்.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு அதைவிட முக்கியமானது பேக்கப். வாட்ஸ்ஆப் பேக்கப்பையும் பூட்டும் வசதி 2021இல் வந்தது, ஆனால் நாமாகப் போய் இயக்க வேண்டும். இயக்காவிட்டால் உரையாடல் முழுவதும் கூகுள் டிரைவில் அந்தப் பூட்டு இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதோடு வருகிற படங்கள் ஃபோன் கேலரிக்குப் போகின்றன. கிளையன்ட்டின் ஆதார் நகல், உங்களிடம் ஆடிட்டர் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் பையனின் ஃபோன் கேலரியில், அவனுடைய கல்யாண வீட்டுப் படங்களுக்கு நடுவில் கிடக்கிறது. அங்கிருந்து கூகுள் ஃபோட்டோஸ், வீட்டு டிவி என்று அது போகிற இடம் யாருக்கும் தெரியாது. வாட்ஸ்ஆப்தான் வேண்டும் என்றால் முதல் வேலையாக இந்த இரண்டு செட்டிங்கையும் மாற்றுங்கள்.

#6 டெபியன்காரர் (மல்லேஸ்வரம்)

சகோதரி சொன்ன குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

சிக்னலின் பெருமை அது மறந்துவிடும் என்பது. ஆடிட்டரின் கடமை மறக்காமல் வைத்திருப்பது. தணிக்கைக் காகிதங்களைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது அவர்களுடைய தரவிதி. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களைக் கம்பெனி எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து வருமான வரி நோட்டீஸ் வந்தால், அன்றைக்கு கிளையன்ட் என்ன அனுப்பினார் என்று காட்ட வேண்டாமா? ஃபோன் உடைந்தால் போய்விடக்கூடிய உரையாடலில் அதை வைக்க முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. சிக்னலில் வந்த செய்தியை மூன்றாவது ஆளிடம் இவர்தான் எழுதினார் என்று கணிதத்தால் நிரூபிக்க முடியாது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள், பேசுகிற இருவருக்கும் அது பாதுகாப்பு. பிஜிபி கையொப்பம் நேர் எதிர். பத்து வருடம் கழித்தும் யாரும் சரிபார்க்கலாம்.

பேச்சுக்கு மறதி நல்லது, பத்திரத்துக்கு மறதி ஆகாது. இரண்டையும் ஒரே கருவியில் கேட்டால் சண்டைதான் வரும்.

#7 சாவிக்கொத்து (வைட்ஃபீல்டு)

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன், சார். ஆனால் பிஜிபியின் கோளாறே அதுதான். பேச்சுக்கும் பத்திரத்துக்கும் ஒரே சாவியை நீட்டுகிறது.

பத்திரம் என்று வந்துவிட்டால் நம் நாட்டில் சட்டம் ஏற்பது ஐடி சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் கொடுக்கும் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைத்தான். பிஜிபி கையொப்பத்துக்கு அந்த இடம் கிடையாது. ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த யுஎஸ்பி டோக்கன் ஏற்கெனவே இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் ஃபைலிங் செய்ய தினமும் செருகுவார்கள். ஆக இவர்களுக்கு பப்ளிக் கீ, பிரைவேட் கீ எல்லாம் புதிது இல்லை, பெயர்தான் புதிது.

அந்த டோக்கன்கள் எப்படி இருக்கின்றன என்று நான் சோதனைக்குப் போன இடங்களில் பார்த்திருக்கிறேன். டைரக்டர்கள் பத்துப் பன்னிரண்டு பேரின் டோக்கன்கள் ஒரே மேஜை டிராயரில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர், அதே ஸ்டிக்கரில் பின் நம்பர். டிராயருக்குப் பூட்டு இல்லை. அந்த டோக்கனைச் செருகி யார் பட்டனை அமுக்கினாலும் சட்டத்தின் கண்ணில் கையெழுத்துப் போட்டது டைரக்டர்தான். இந்தப் பழக்கத்தோடு ஜிபிஜியைக் கொண்டுவந்தால் பாஸ்பிரேஸ் அடுத்த ஸ்டிக்கரில் ஏறும். அதனால்தான் பழசா புதுசா என்பதற்கு முன்னால், சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறேன்.

#8 கணக்கேடு (ஜெயநகர்)

மேடம், ஸ்டிக்கர் விஷயத்தைப் படித்துவிட்டு எங்கள் டிராயரைப் போய்ப் பார்த்தேன். இன்று மாலைக்குள் பூட்டு வருகிறது.

#9 செய்தியாளன் (சிவாஜிநகர்)

என் தொழிலிலிருந்து சில வார்த்தைகள்.

அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியே கொண்டுவந்த ஸ்னோடன், 2012 டிசம்பரில் முதலில் தொடர்புகொண்டது பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டை. பிஜிபி போடுங்கள், பேசலாம் என்றார். கிரீன்வால்ட் வேலை மும்முரத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்னோடன் பிறகு ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸிடம் போனார், அவருக்கு பிஜிபி பழக்கம் இருந்தது. இந்த நூற்றாண்டின் பெரிய செய்தி ஒரு மென்பொருள் கடினமாக இருந்ததால் கைநழுவப் பார்த்தது. பயந்துகொண்டு நம்மிடம் பேச வருகிற ஒரு அரசு ஊழியரிடம் போய் கீ சர்வர் பாடம் நடத்த முடியாது. அதனால் நாங்கள் எல்லோரும் சிக்னலுக்கு வந்துவிட்டோம்.

ஆனால் சிக்னல் இருக்கிறது என்று அசந்துவிடவும் கூடாது. 2025 மார்ச்சில் அமெரிக்க உயரதிகாரிகள் ஏமன் தாக்குதல் பற்றி சிக்னல் குழுவில் பேசியபோது ஒரு பத்திரிகை ஆசிரியரையே குழுவில் சேர்த்திருந்தார்கள். என்கிரிப்ஷன் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆளைச் சேர்த்ததில்தான் கோட்டை விட்டார்கள். 2019இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் நம் நாட்டுப் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் ஃபோன்களைக் குறிவைத்தது வெளியே வந்தது. ஃபோனே எதிராளி கையில் என்றால் எந்த புரோட்டோகாலும் உதவாது.

ஒரே ஆப்பை நம்பியிருப்பதும் ஆபத்து. 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி எலிமென்ட், பிரையர், த்ரீமா உட்பட 14 ஆப்களை மத்திய அரசு முடக்கியது. 2025 ஏப்ரலில் நம் கர்நாடக உயர் நீதிமன்றம் புரோட்டான் மெயில் என்ற பூட்டிய மெயில் சேவையை முடக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பெண் ஊழியர்களைப் பற்றி ஆபாச மெயில்கள் வந்த வழக்கு அது, அந்தப் பெண்களின் வேதனை உண்மையானது. அதற்காக ஒரு சேவையையே மூடுவது நியாயமா என்பது தனி விவாதம். நான் சொல்ல வந்தது, ஒரு ஆப்பை ஒரே ஆணையில் நிறுத்தலாம். ஜிபிஜி போல எந்த வழியிலும் அனுப்பக்கூடிய ஒன்றை அப்படி நிறுத்துவது கஷ்டம். அந்த இடத்தில் டெபியன்காரர் சார் பக்கம் நான்.

#10 கட்டளைவரி (பன்னேர்கட்டா ரோடு)

கோப்பைப் பூட்டுவதற்கு ஏஜ் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லையே!

ஃபிலிப்போ வால்சோர்டா உருவாக்கியது, 1.0 பதிப்பு 2021இல் வந்தது. செய்வது ஒரே வேலை, கோப்பைப் பூட்டுவது. கையொப்பம் கிடையாது, கீ ரிங் கிடையாது, எந்த ஆல்காரிதம் வேண்டும் என்ற கேள்வி கிடையாது. வழக்கமாக எக்ஸ்25519, சாசா20-பாலி1305 என்ற இரண்டு முறைகள், அவ்வளவுதான். பப்ளிக் கீ ஒரே வரி, சிக்னலிலேயே ஒட்டி அனுப்பிவிடலாம். சர்வருக்குள் நுழைய ஏற்கெனவே எஸ்எஸ்எச் கீ வைத்திருக்கும் டெவலப்பர் என்றால் அதற்கே பூட்டலாம். எங்கள் டீமில் பேக்கப் முழுக்க இதற்கு மாறிவிட்டது.

கையொப்பத்திலும் பழைய இடம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் 2.34 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு பதிவிலும் எஸ்எஸ்எச் கீயாலேயே கையொப்பமிடலாம். பைத்தான் நிரல் தொகுப்புகளின் தளமான பைபிஐ 2023இல் பிஜிபி கையொப்பங்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது, பல கையொப்பங்களை உருப்படியாகச் சரிபார்க்க முடியவில்லை என்று.

ஆனால் ஏஜ் முதன்மையாக, கட்டளைகளைத் தட்டி இயக்கும் கட்டளைவரிக் கருவி. மூத்த பார்ட்னருக்குக் கொடுக்காதீர்கள். அவருக்கும் சாதாரண கிளையன்ட்களுக்கும், கோப்பைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் போதும். மூன்று விஷயம் கவனியுங்கள். ஜிப் வடிவம் என்றால் ஜிப்கிரிப்டோ என்ற பழைய பூட்டு தானாக வந்து நிற்கும், அதை ஏஇஎஸ்-256 என்று மாற்ற வேண்டும். 7இசட் வடிவம் என்றால் கோப்புப் பெயர்களையும் மறைக்கலாம், அதற்கு ஒரு டிக் இருக்கிறது. பாஸ்வேர்டை மெயிலில் அனுப்பக்கூடாது, சிக்னலிலோ ஃபோனிலோ சொல்ல வேண்டும்.

பான் நம்பரையும் பிறந்த தேதியையும் பாஸ்வேர்டாக வைக்கும் பழக்கத்தை முதலில் ஒழியுங்கள். பான் பத்து எழுத்து. தனிநபர் என்றால் நாலாவது எழுத்து P, ஐந்தாவது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. இரண்டும் தெரிந்துவிட்டால் மிச்சம் மூன்று எழுத்து, நாலு இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. கணக்குப் போட்டால் 457 கோடி வாய்ப்பு. கேட்கப் பெரிதாக இருக்கும். பழைய பிடிஎஃப் பூட்டு என்றால் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய வேலையே இல்லை. பிறந்த தேதி ஃபேஸ்புக்கில் கிடைக்கும். பான் நகலோ ஊரில் இருக்கிற ஜெராக்ஸ் கடை எல்லாவற்றிலும் இருக்கிறது.

#11 மாதக்கடைசி (எலக்ட்ரானிக் சிட்டி)

வங்கிகளோடு கோப்புப் பரிமாற்றம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இங்கே பிஜிபி செத்ததாக யாரும் சொல்வதில்லை. கம்பெனிகளின் சம்பளக் கோப்பு, வெண்டார் பேமென்ட் கோப்பு எல்லாம் பிஜிபியில் பூட்டி, சர்வருக்குச் சர்வர் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாகத்தான் போகின்றன. மெயில் புரோகிராம் இல்லாததால் இஃபெயில் வகைத் தொல்லை இல்லை. மனிதர் கை படாததால் மறந்துபோய்ப் பூட்டாமல் அனுப்புவதும் இல்லை.

எங்களுக்கு வருகிற தலைவலி ஒன்றே ஒன்று, கீ காலாவதி. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ உருவாக்கிய கீ மாதக் கடைசி வெள்ளிக்கிழமை செத்துப்போகும். உருவாக்கியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். சம்பளக் கோப்பு தள்ளுபடியாகி, அந்தப் பக்கம் ஆயிரம் பேர் ஃபோனில் மெசேஜ் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணக்கேடு, கீ உருவாக்குகிற அன்றே காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் காலண்டரில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள். உங்கள் காலண்டரில் மட்டும் இல்லை, பார்ட்னர் காலண்டரிலும்.

#12 கணக்கேடு (ஜெயநகர்)

எல்லோருக்கும் நன்றி. இதுவரை புரிந்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கிளையன்ட்களோடு அன்றாடப் பேச்சு சிக்னலில், வர மறுப்பவர்களோடு வாட்ஸ்ஆப்பில், பேக்கப்பும் கேலரியும் சரிசெய்த பிறகு. கோப்புகள் 7-ஜிப்பில். ஜெர்மன் கிளையன்ட்டுக்கு மட்டும் பிஜிபி.

இரண்டு கேள்வி. மெயிலில் வந்த கீ உண்மையிலேயே அவர்களுடையதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் வேலையை விட்டுப் போனால் அல்லது பார்ட்னர் பாஸ்பிரேசை மறந்தால் என்ன ஆகும்?

#13 டெபியன்காரர் (மல்லேஸ்வரம்)

ஜெர்மன்காரர்கள் பிஜிபி கேட்பதில் ஆச்சரியமில்லை தம்பி. விண்டோஸுக்கான ஜிபிஜி4வின் தொகுப்பே அவர்கள் நாட்டு அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் முன்கை எடுத்துச் செய்யவைத்ததுதான். அதில் கிளியோபாட்ரா என்ற ஜன்னல் இருக்கும், கட்டளைவரியே தேவையில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். வழக்கமாக ஒவ்வொரு கீக்கும் 40 எழுத்தில் ஒரு ஃபிங்கர்பிரிண்ட், அதாவது அடையாளக் குறி, உண்டு, நாலு நாலாகப் பத்துக் கூட்டம். அவர்கள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, அந்தப் பத்தையும் அவர்களை வாசிக்கச் சொல்லி, உங்கள் திரையில் ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். மெயிலைப் போலியாகச் செய்தவன் நம்பரையும் போலியாகத்தான் போட்டிருப்பான். ஒப்பந்தத்தில் இருக்கிற நம்பர், அல்லது பார்ட்னருக்கு முன்பே தெரிந்த நம்பர். கடைசி எட்டு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த எட்டு எழுத்து ஒத்துப்போகிற போலிக் கீயைச் செய்வது எவ்வளவு எளிது என்று 2014இலேயே காட்டிவிட்டார்கள். பத்துக் கூட்டமும் வாசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்த்தால் மீதி எல்லாம் வீண். சிக்னலிலும் இதே வேலைக்கு சேஃப்டி நம்பர் இருக்கிறது, அதையும் யாரும் பார்ப்பதில்லை.

மெயில் படிக்க தண்டர்பேர்டு போதும், 2020லிருந்து ஓபன்பிஜிபி உள்ளேயே இருக்கிறது. மெயிலின் தலைப்பைக்கூட இப்போது மறைக்கிறது. ஆனால் அது தன் கீகளைத் தனியாக வைத்துக்கொள்ளும், கிளியோபாட்ராவில் உருவாக்கியது அங்கே தானாகத் தெரியாது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு தண்டர்பேர்டில் பிரைமரி பாஸ்வேர்டு போடுங்கள். போடாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்கிற யாரும் எல்லா மெயிலையும் திறந்துவிடலாம்.

#14 சாவிக்கொத்து (வைட்ஃபீல்டு)

சார் சொன்ன ஃபிங்கர்பிரிண்ட் முறையில் ஒரு எழுத்துகூட மாற்றச் சொல்ல மாட்டேன்.

நான் சேர்ப்பது ஒரு எச்சரிக்கை. ஓபன்பிஜிபிக்கு 2024இல் ஆர்எஃப்சி 9580 என்று புதிய தரம் வந்தது. ஜிபிஜி குழு அதில் சேராமல் லிப்ரபிஜிபி என்று தனி வழி போய்விட்டது. பல வருடம் ஒன்றாக இருந்த வீடு இப்போது இரண்டாகிவிட்டது, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். ஒரு பக்கம் புதிதாக உருவாக்கிய கீயை மறுபக்கத்து மென்பொருள் ஏற்காமல் போகலாம். அதனால் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஜெர்மன் தரப்பிடம் கேட்டுவிட்டு, சம்பள விவரம் எதுவும் இல்லாத ஒரு வெற்று மெயிலைப் பூட்டி இரண்டு பக்கமும் அனுப்பிப் பாருங்கள்.

நீண்ட காலத்துக்கு யோசிப்பவர்களுக்கு இன்னொன்று. பூட்டிய மெயிலை இன்றே சேர்த்துவைத்து, குவாண்டம் கணினி வந்த பிறகு திறக்கலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. சிக்னல் 2023லேயே அதற்கான தற்காப்பைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, குவாண்டம் கணினியையும் தாங்குவதற்கான எம்எல்-கெம் தரத்தை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. மெயில் உலகம் இன்னும் அந்த இடத்துக்கு முழுமையாக வந்து சேரவில்லை. ஒரு வருடச் சம்பள விவரத்துக்கு இது பெரிய கவலை இல்லை. சோர்ஸ்களின் பெயர் வைத்திருக்கும் செய்தியாளர் அண்ணாவுக்குக் கவலை உண்டு.

#15 டெபியன்காரர் (மல்லேஸ்வரம்)

இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது.

கீயை உங்கள் சொந்தப் பெயரில் உருவாக்காதீர்கள். அலுவலகத்தின் பொது மெயில் முகவரிக்கு உருவாக்குங்கள், காலாவதி இரண்டு வருடம். பாஸ்பிரேஸ் ஐந்தாறு சொற்கள், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டினால் பார்ட்னருக்கும் நினைவில் நிற்கும். பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம், தொடர்பில்லாத சொற்களாக இருக்கட்டும்.

உருவாக்கியதும் ஜிபிஜி ரத்துச் சான்றிதழ் ஒன்றைத் தானே எழுதிவைக்கும். அதைப் பேப்பரில் அச்சடியுங்கள். கீ தொலைந்தாலோ திருடுபோனாலோ, இனி இதை நம்பாதீர்கள் என்று ஊருக்குச் சொல்ல அது ஒன்றே போதும், பாஸ்பிரேஸ்கூட வேண்டாம். அதனாலேயே அது கண்டவர் கையில் சிக்கக்கூடாது. பிரைவேட் கீயின் நகலை ஒரு பென்டிரைவில் எடுத்து, பாஸ்பிரேசை ஒரு கவரில் எழுதி ஒட்டி, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். பென்டிரைவும் ரத்துச் சான்றிதழும் அலுவலக லாக்கரில், கவர் பார்ட்னர் வீட்டில். ஏழு வருடம் கழித்தும் பழைய மெயிலைத் திறக்க வேண்டுமே, அதனால் காலாவதியான கீயையும் தூக்கி எறியாதீர்கள்.

நீங்கள் அனுப்புகிற மெயிலை உங்கள் கீக்கும் சேர்த்துப் பூட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தண்டர்பேர்டு தானாகச் செய்யும். கிளியோபாட்ராவில் கோப்பைப் பூட்டும்போது, எனக்காகவும் பூட்டு என்ற டிக்கை எடுத்துவிட்டால் நீங்கள் அனுப்பியதை நீங்களே திறக்க முடியாது.

#16 கணக்கேடு (ஜெயநகர்)

சார், பார்ட்னரிடம் சொல்லிவிட்டேன், கவர் அவர் வீட்டு பீரோவில் இருக்கும். திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஜெர்மனிக்கு ஃபோன், அங்கே காலை அலுவலகம் திறக்கிற நேரம். ஒப்பந்தத்தில் இருக்கிற நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் வாசிக்க வாசிக்க நான் ஒத்துப்பார்க்கிறேன், பக்கத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் பையனும் தனியாகக் குறித்துக்கொள்வான். வெற்று மெயில் போய் வந்ததும் இங்கே எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போனது என்று எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.